பாராமகாலில் ஒரு பரங்கி

மொரப்பூரில் ரயிலை விட்டிறங்கிக் கிழக்கு நோக்கிச் சென்றால் அரூரை அடையலாம். தெற்கே சித்தேரி மலைத் தொடர்; வடகிழக்கே தீர்த்தகிரீசுவரர் எழுந்தருளியிருக்கும் தீர்த்தமலை; அதனை அடுத்துத் தென்பெண்ணை. புளியமரங்களும் புன்செய்க் காடுகளும் நிறைந்த இப்பிரதேசம் முற்காலத்தில் பாராமகால் என வழங்கிய சீமையைச் சார்ந்தது.

1549-ம் ஆண்டில் ஜப்பானை அடைந்த பிரான்சிஸ் சேவியர், அந்நாட்டாரின் மரியாதையையும் மான உணர்ச்சியையும் வியந்து கடிதம் எழுதினார் என்பதை நேயர்கள் அறிவார்கள். நம் பாராமகாலுக்கு வந்த ஒரு வெள்ளையர் நம்மவரைப் பற்றிக் கூறியதை எத்தனை பேர் அறிவோம்?

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து இச்சீமை கும்பெனியார் வசமாயிற்று. அலெக்ஸாண்டர் ரீட் என்பவரின்கீழ் நிர்வாகம் நடத்த வந்தவர்களுள் தாமஸ் மன்றோ ஒருவர். ஏழாண்டுக் காலம் அவர் கிராமம் கிராமமாகச் சுற்றிக் குடியானவர்களோடு நேரிற் பழகினார். ஜமீன்தாரின் குறுக்கீடின்றிக் குடியானவனிடமே தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. தர்மபுரியில் தாம் வளர்த்த தோட்டத்தைப் பிரிவது பழைய சிநேகிதனைப் பிரிவது போன்றது என்று அவர் எழுதினார்.

1813-ல் லண்டன் காமன்ஸ் சபையார் அவரை விசாரித்தனர். நல்ல வேளாண்மை, நிகரற்ற கைத்தொழில், ஊர்தோறும் பள்ளிக்கூடம், விருந்தோம்பல், பெண்களிடம் மரியாதை ஆகியவை நாகரிகத்தின் அடையாளமானால், இந்தியர் ஐரோப்பியருக்குத் தாழ்ந்தவரல்லர் என்றார். நாகரிகம் வியாபாரச் சரக்கானால் அதை இறக்குமதி செய்து இலாபமடைவது இங்கிலாந்தே என்றும் கூறினார். ஏழு வருஷம் உழைத்த இந்தியச் சால்வையைக் கண்ட தாம், ஐரோப்பியச் சால்வையை இனாமாகக் கொடுத்தாலும் உடுத்தமாட்டார் என்றாராம்!

இப்புகழுரையில் நாம் மயங்கவேண்டுவதில்லை. அவர் வந்தது வரி தண்டுவதற்கே. பின்னர் வேறு ஜில்லாக்களில் நிலவரியை நாலில் ஒரு பங்கு குறைக்க வேண்டுமென்று 1807-ல் அவரே சிபார்சு செய்தாரென்றால், குடிகள் தாங்கிய பாரம் எத்தகையதென்பது விளங்கும். ஆயினும் களத்துமேட்டில் நின்று பார்த்ததால் அவருக்கு உண்மை தெரிந்தது.

அன்னியரின் நற்சாட்சிப் பத்திரம் நமக்கு எதற்கு? அரூர்க் குடியானவனின் அறிவையும் பண்பையும் அவன் சொந்த தேசத்தார் நேரிற் சென்று காணவேண்டும். பரங்கிக்கு இருந்த அந்தப் பொறுமை நமக்கும் இருத்தலாகாதா?