பொருளும் எழுத்தும்

பழைய ஏட்டுச்சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளியிடுவதில்லை. விடுபட்ட புள்ளியை மொழியறிந்தோர் தம் அறிவினாலே நிரப்பி வாசித்தனர். பல்லாண்டுகளாகக் கணினித் தொழிலில் ஈடுபட்டுவரும் எமக்கு இச்செய்தி நாடோறும் பயன்படுவதொன்று. எங்ஙனமெனிற் கூறுவாம்.

பொருள்நோக்குச் செய்நிரலாக்கத்திற் 'பொருள்' எனப்படுவது, தரவும் அத்தரவின்மேல் நிகழும் தொழில்களும் ஒருங்கமைந்ததாகும். நினைவகத்தில் இருக்கும் அப்பொருளைப் பிறிதொரு கணினிக்கு அனுப்ப வேண்டின், அதனை எழுத்துத் தொடராக்குதல் வேண்டும். பெற்ற கணினி அத்தொடரினின்றும் பொருளை மீள ஆக்குதல் வேண்டும். இதற்கு இன்று பெருவழக்காயுள்ள வடிவம் ஜேசன். டக்ளஸ் குரொக்ஃபோர்ட் என்னும் அமெரிக்கர் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை வகுத்துப் பரப்பினார்.

ஜேசன் அறிந்த வகைகள் ஆறே: சரம், எண், மெய்-பொய், வெறுமை, அணி, பெயரும் பெறுமானமும் கொண்ட தொகுதி. திகதிக்குத் தனிவகை இல்லை. பொருளின் தொழில்கள் எழுத்தில் ஏறுவதில்லை. அஃது எவ்வகுப்பைச் சேர்ந்ததென்பதும் தானாக ஏறுவதில்லை.

எம்மிடம் தொழில் பழகும் இளைஞர், "அனுப்பினோம், வந்தது, அவ்வளவே" என்பர். "அனுப்பியதும் வந்ததும் ஒன்றோ?" என யாம் வினவுவோம். பின்னர், ஜாவா மொழியில் 9007199254740993 என்னும் முழுவெண்ணை ஜேசனாக்கி, அதனை ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் வாசிக்கச் செய்வோம். ஈற்றிலக்கமாகிய 3 மறைந்து 2 தோன்றும்! எழுத்திற் குற்றமில்லை. வாசிக்கும் மொழி எண்களை மிதவைப் புள்ளி முறையிற் கொள்வதால், 2இன் 53ஆம் அடுக்குக்கு மேற்பட்ட முழுவெண்கள் எல்லாவற்றையும் திருத்தமாகத் தாங்க அதனால் இயலாது. எச்சரிக்கையும் எழாது. அவ்வெண் நோயாளர் ஒருவரின் பதிவெண்ணாயின், ஒருவர்க்குரிய மருந்துக் குறிப்பு மற்றொருவரைச் சென்றடையாதோ?

ஆதலின், அடையாள எண்களைச் சரமாக எழுதுக. திகதியின் வடிவை இருதரப்பாரும் முன்னரே உடன்பட்டுக் கொள்க. வந்த தரவை வகுப்பின் விதிகளால் ஆராய்ந்த பின்னரே பொருளாக்குக. எழுதியதைப் பெறுவோரின் மொழியிலும் வாசித்து, முதற்பொருளோடு ஒப்புநோக்குக.

எழுத்தானது பொருளின் நிலையைச் சுமந்து செல்லும். பொருளின் இயல்பை வாசிப்போரே அறிந்திருத்தல் வேண்டும். இயந்திரத்துக்கு அவ்வறிவை ஊட்டுவோர் நாமன்றோ? இத்துறையிற் புகும் எம் இளைய மாணாக்கர் இதனை உளங்கொள்வாராக.