காவலும் கண்காணிப்பும்

எம் தொழிலைப் பற்றிச் சில வரிகள் எழுதுமாறு மலர்க் குழுவினர் பணித்தனர். வழங்கிக் கணினிகளைப் பேணுதலே எம் தொழில். அதில் நல்ல ஏவலாளர் இருவர் தம்முட் பிணங்கும் ஓரிடம் உண்டு. அப்பிணக்கைத் தீர்க்கப் பலர் கைக்கொள்ளும் எளிய வழி எமக்கு நெடுநாளாக உறுத்தலாயிருத்தலின், அதனையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

ஏவலாளருள் ஒருவர் கண்காணிப்பு மென்பொருள். நாகியோஸ் 1999இல் வேறு பெயருடன் தோன்றியது. சபிக்ஸ் லத்வியா நாட்டிற் பிறந்து 2001இல் வெளிவந்தது. வட்டு நிரம்புகின்றதா, இணையப் பக்கம் விடை தருகின்றதா என்று ஓயாது வினாவி, குறை கண்டவிடத்து நள்ளிரவிலும் எம்மை எழுப்புவன இவை. மற்றவர் எஸ்.ஈ.லினக்ஸ் என்னுங் காவலர். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2000ஆம் ஆண்டு இதனைப் பொதுவில் வெளியிட்டது. 2003இல் லினக்ஸ் கருவோடு இணைந்தது.

பழைய முறையில் ஒரு கோப்பை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பதை அதன் உரிமையாளரே விதிப்பர். 'ரூற்' எனப்படும் தலைமைப் பயனருக்கோ தடையில்லை. இக்காவலரின் முறை வேறு. ஒவ்வொரு கோப்புக்கும், ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு முத்திரை உண்டு. இன்ன முத்திரையுடையது இன்னதைத் தொடலாம் என விதி கூறும். கூறாதன யாவும் மறுக்கப்படும். கட்டுக்குட்பட்ட நிரல் ரூற்றின் பெயரால் ஓடினும் விலக்கில்லை.

கண்காணிப்போ பல இடங்களிலும் எட்டிப் பார்க்க வேண்டிய தொழில். ஆதலின் மோதல் இயல்பே. சபிக்ஸில் நிகழ்வது வேடிக்கையானது. வழங்கி நலமே ஓடிக்கொண்டிருக்கும். ஆயினும் அதன் இணையப் பக்கம், "சபிக்ஸ் வழங்கி ஓடவில்லை" என்று அறிவிக்கும். 10051ஆம் துறையை நாடிய இணைய நிரலைக் காவலர் தடுத்துவிட்டார் என்பதே உண்மை. உரிமையாளர் சரி, அனுமதிக் குறிகள் சரி. குற்றம் எங்கென்று தெரியாது இளைஞர் இரவெல்லாம் தேடுவர்.

தேடிச் சலித்தோர் இறுதியிற் காவலரையே வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றனர். சில நிறுவல் வழிகாட்டிகளும் இதனையே முதற்படியாகக் கூறுகின்றன. யாம் பார்வையிட்ட அலுவலகம் ஒன்றில் இவ்வாறு நிறுத்தப்பட்ட காவல் ஆண்டுகள் கடந்தும் மீளவில்லை. கண்காணிப்புத் திரையோ எல்லாம் பச்சையெனக் காட்டியவண்ணமிருந்தது. காவல் நீங்கியதைக் கேட்கும்படி எவரும் அதற்குச் சொல்லவில்லையன்றோ! ஏனைய கணினிகள் பலவற்றுக்கும் செல்லும் வழியும் திறவுகோலும் கண்காணிப்புக் கணினியிலேயே உள்ளன. எங்கேனுங் காவலைத் தளர்த்தலாமெனினும் அங்கே தளர்த்தலாகாது என்பது எம் துணிபு.

சினந்து நிறுத்துமுன் காவலரின் நாட்குறிப்பைப் படித்தல் வேண்டும். எந்நிரல் எதனைத் தொட முயன்று மறுக்கப்பட்டது என்பது தணிக்கைப் பதிவேட்டிற் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். மேற்கூறிய சபிக்ஸ் தொல்லைக்கு ஒரேயொரு விசையைத் திருப்பினாற் போதும். அவ்விசை முன்னரே செய்து வைக்கப்பட்டுள்ளது. வீட்டு அடைவிலிருந்து நகர்த்திய கோப்பு பழைய முத்திரையைச் சுமந்தே வரும். படியெடுத்ததோ புதிய இடத்தின் முத்திரையைப் பெறும். நகர்த்தியதை 'றெஸ்ரோர்கொன்' கட்டளை திருத்தும். மறுப்புகளைப் படித்துப் புதுவிதி எழுதித் தருங் கருவியும் உண்டு. ஆயின் அது எழுதியதை வாசியாது ஏற்பவர், கள்வன் கேட்டதையும் சேர்த்தே வழங்கிவிடக்கூடும். பொறுமையில்லாதவர்க்கும் ஒரு வழியுண்டு: தடுக்காது குறிப்பு மட்டும் எழுதும் நிலையிற் காவலரைச் சிலநாள் வைத்து, குறிப்புகளைத் தீர்த்தபின் பழைய நிலைக்கு மீட்கலாம்.

முற்றாக நிறுத்தியிருந்தோர் மீளத் தொடங்கும்போது ஒன்றைக் கருதுக. இடைக்காலத்திற் பிறந்த கோப்புகளுக்கு முத்திரையே இராது. வட்டு முழுவதற்கும் புதிதாக இட வேண்டும். பெரிய வட்டாயின் அது நெடுநேரம் பிடிக்கும். அலுவலகம் மூடியபின் தொடங்குதல் நன்று.