பத்திரத்தில் எழுதும் தொகை

தியானப் பகுதி: எரேமியா 32:6–15



ஊழியக்காரனுக்குச் சொந்த வீடு எதற்கு என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். சபை தந்த குருமனையில் குடியிருந்தோம். மாற்றல் வந்தபோது புத்தகங்களைக் கட்டிக்கொண்டு அடுத்த குருமனைக்குச் சென்றோம். ஓய்வு பெறும் நாளில் அந்தச் சாவியையும் திருப்பித் தரவேண்டும் என்பதை என் மனைவிதான் நினைவூட்டினார்கள். அதன் பிறகே வீடு தேடத் தொடங்கினோம்.

புறவழிச்சாலையை ஒட்டி எழும்பியிருக்கும் புதிய அடுக்ககங்களைப் பார்த்தோம். லிஃப்ட்டும் பூங்காவும் இருந்தன. ஆனால் வண்டி ஓட்ட இயலாத வயதில் அங்கிருந்து ஆலயத்திற்கும் மருத்துவமனைக்கும் எப்படிப் போவது? ஆகவே குரோம்பேட்டைப் பக்கம் திரும்பினோம். கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931-ஆம் ஆண்டிலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய தடம் அது. பழைய மீட்டர் கேஜ் வண்டிகள் 2004-இல் நின்றுபோயின. ஆனால் ரயிலை நம்பி வளர்ந்த தெருக்கள் அப்படியே இருக்கின்றன. நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், தரைத்தளத்தில், ஏறக்குறைய முப்பது ஆண்டு பழைமையான ஒரு வீடு கிடைத்தது. சுவரில் ஈரம் இருந்தது. வாசலில் வேப்பமரம் இருந்தது. பழைய கட்டடம் ஆதலால் நிலத்தில் நமக்கு வரும் பங்கும் சற்றுக் கூடுதல். தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் ஒழுங்காக இருப்பதாக வழக்கறிஞர் சொன்னார்.

விலை 48 லட்சம். என் மனைவியின் சேமநல நிதி, ஊரில் என் பங்கு நிலத்தை விற்ற பணம், மீதிக்கு வங்கிக் கடன் என்று கணக்குப் போட்டோம். அப்போதுதான் தரகர் என்னைத் தனியே அழைத்தார். “ஐயா, வழிகாட்டி மதிப்பு 36 லட்சம்தான். பத்திரத்தில் அதை மட்டும் போட்டுக்கொள்வோம். மீதி 12 லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள். இரண்டு பேருக்கும் லாபம்” என்றார்.

பிரியமானவர்களே, நான் அந்த இடத்திலேயே மறுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அது உண்மையன்று. இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். வீட்டிற்கு வந்து காகிதத்தில் கணக்கிட்டேன். முத்திரைத்தீர்வையும் பதிவுக்கட்டணமும் சேர்த்து நூற்றுக்கு 9 என்றால், 12 லட்சத்துக்கு 1 லட்சத்து 8 ஆயிரம் ரூபாய் மிச்சம். அதில் ஒரு பகுதியை ஆலயக் கூரைப் பணிக்குக் கொடுக்கலாம் என்றுகூட நினைத்தேன். பாவத்திற்குத் தசமபாகம் ஒதுக்கும் கணக்கு அது. வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஊரெல்லாம் செய்கிறதுதானே என்ற வார்த்தை அதையும் மூடிவிட்டது.

என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: “சாட்சிக் கையெழுத்துக்கு யாரை அழைத்திருக்கிறீர்கள்?”

நம் சபையின் வாலிபன் ஒருவனை அழைத்திருந்தேன். திடப்படுத்தல் வகுப்பில் நானே கற்பித்த பிள்ளை. சாட்சி என்ற சொல்லை எத்தனை முறை அவனுக்கு விளக்கியிருப்பேன்! இப்பொழுது ஒரு பொய்த் தொகையின் கீழே அவன் பெயரை எழுதச் சொல்லப் போகிறேன். தொகை பொய் என்பது அவனுக்குத் தெரியப்போவதில்லை. அதுதான் என்னை அதிகமாகக் குத்தியது.

அன்றிரவு எரேமியாவின் புத்தகத்தைத் திறந்தேன். எருசலேம் முற்றுகையில் இருக்கிறது. தீர்க்கதரிசியோ காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த வேளையில் ஆனதோத்திலுள்ள நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். நம்பிக்கையைக் குறித்துப் பிரசங்கிக்க அந்தப் பகுதியைப் பலமுறை எடுத்திருக்கிறேன். ஆனால் அங்கே ஒரு தராசு இருப்பதை அதுவரை கவனிக்கவில்லை. வெள்ளி நிறுத்துக் கொடுக்கப்படுகிறது, சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள், முத்திரையிட்ட பத்திரமும் திறந்த பத்திரமும் மண்பாண்டத்தில் வைக்கப்படுகின்றன. நகரமே அழியப்போகிறது, யார் கணக்குக் கேட்பார்கள் என்று எரேமியா நினைக்கவில்லை. தேவன் மீண்டும் வீடுகளையும் நிலங்களையும் தருவார் என்று நம்பியவர், அந்த நாளில் திறந்து பார்த்தாலும் வெட்கப்படாத பத்திரத்தை எழுதிவைத்தார். மக்பேலா குகையை ஆபிரகாமும் முழு விலைக்கு, எல்லாரும் கேட்க, நிறுத்துக் கொடுத்தே வாங்கினார்.

மறுநாள் முழுத்தொகையையும் பத்திரத்தில் எழுதினால்தான் வாங்குவேன் என்று சொன்னேன். தரகருக்குக் கோபம். விற்பவர் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு, தமக்கு வரி கூடும் என்று விலையை 1 லட்சம் உயர்த்தினார். ஏற்றுக்கொண்டோம். 49 லட்சம் என்றே பதிவாயிற்று. உண்மைக்கு நாங்கள் கொடுத்த விலை மொத்தம் 2 லட்சத்து 17 ஆயிரம் ரூபாய். அந்தப் பணத்தைக் கர்த்தர் வேறு வழியில் திருப்பித் தந்தார் என்று உங்களிடம் சொல்லமாட்டேன், தரவில்லை. பழுதுபார்க்க வைத்திருந்த தொகை அது. ஆகவே மழைக்காலத்தில் கூடத்துச் சுவர் இன்னும் ஈரமாகிறது. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த வாலிபன் பேனாவை எடுத்தபோது, என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடிந்தது.

உங்களில் சிலர் இப்பொழுது வீடு தேடிக்கொண்டிருக்கிறீர்கள். பத்திரங்களை நன்றாகப் பாருங்கள். ரயில் நிலையத்திற்கு ஒருமுறை நடந்து பாருங்கள். எழுதப்போகும் தொகையையும் ஜெபத்தில் வையுங்கள். சிலர் முன்பே அப்படிக் கையெழுத்திட்டிருப்பீர்கள். உங்களைக் குற்றப்படுத்த நான் எழுதவில்லை. இரண்டு நாள் கணக்குப் போட்டவன்தான் எழுதுகிறேன். தேவசமுகத்தில் அறிக்கையிடுங்கள், சரிசெய்ய வழியிருந்தால் சரிசெய்யுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களே, உங்களுக்கு ஆசீர்வாதம் குறைவு என்று ஒருபோதும் எண்ணவேண்டாம். தலை சாய்க்க இடமில்லாதிருந்த ஆண்டவரையே நாம் பின்பற்றுகிறோம்.

ஜெபம்: பரம பிதாவே, எங்கள் வாசல்களிலும் எங்கள் பத்திரங்களிலும் உண்மை குடியிருக்கச் செய்தருளும். எங்கள் பிள்ளைகளை நாங்கள் பொய்க்குச் சாட்சிகளாக்காதபடி காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.