சானடோரியம் இறங்கறவங்க உண்டா?

குத்தம்பாக்கத்திலிருந்து தாம்பரம் போக மனோதிடம் வேண்டும் சார்! பூந்தமல்லி வந்து பஸ் மாறி, குன்றத்தூர், பம்மல், பல்லாவரம் என்று குலுங்கி, குரோம்பேட்டை தாண்டுவதற்குள் இஸ்திரி போட்ட சட்டை சுருக்குப் பையாகிவிடும். அப்போது கண்டக்டர் குரல் கொடுப்பார்: ''சானடோரியம்லாம் முன்னால வா!''

ஆபீஸ் போகிற நமக்கு அது வெறும் ஸ்டாப்பிங். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு டாக்டர் இருக்கிறார். சௌரி முத்து. காசநோயாளிகளுக்காக 1928-ல் இங்கே சானடோரியம் ஆரம்பித்தவர். அதற்கு முன்பு இங்கிலாந்தில், மெண்டிப் மலைப்பக்கம் ஒன்று நடத்திக்கொண்டிருந்தார். 1917-ல் அங்கே வந்து படுத்த நோயாளி யார் தெரியுமோ? நம்ம கணித மேதை ராமானுஜன்! 1914-ல் இரண்டு பேரும் ஒரே கப்பலில் போனவர்கள்.

காசநோய் என்று வைத்தியம் நடந்தது. (கல்லீரலில் அமீபா தொற்றாக இருக்கலாம் என்று பிற்பாடு ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள்.) யுத்த காலம், குளிர், சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம். மனுஷனுக்கு இருந்த ஒரே ஆறுதல் ஊர்த் தபால்தான். அதில் மனைவி கையெழுத்து மட்டும் வரவே இல்லை.

ஜானகி எழுதாமலா இருந்தார்? கும்பகோணம் வீட்டில் மாமியார் கோமளத்தம்மாளைத் தாண்டிக் கடிதம் வெளியே போகாது, உள்ளேயும் வராது. பிள்ளைக்கு அனுப்பும் பார்சலுக்குள் மருமகள் ரகசியமாக ஒரு சீட்டைச் செருகிவைக்க, மாமியார் அதையும் கண்டுபிடித்து எடுத்துவிட்டார். சி.பி.ஐ. தோற்றது! மாமியார் ஜோக் என்றால் விழுந்து விழுந்து சிரிப்போம். இதற்குச் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது. இத்தனைக்கும் பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்த அம்மா. ராமானுஜனும் வீட்டுக்கு எழுதுவதைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டார்.

1919 மார்ச்சில் பம்பாயில் கப்பலைவிட்டு இறங்கியதும் அம்மாவிடம் அவர் விசாரித்தது, ஜானகி எங்கே என்றுதான்.

அப்புறம் ஒரே ஒரு வருஷம். வலிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு ஜானகி பக்கத்திலேயே இருந்தார். நீயும் கூட வந்திருந்தால் எனக்கு இந்த வியாதியே வந்திருக்காது என்று அவரிடம் சொல்வாராம் ராமானுஜன். 1920 ஏப்ரல் 26, சேத்துப்பட்டு வீட்டில் உயிர் பிரிந்தது. வயசு 32.

ஜானகியம்மாள் அதற்குப் பிறகு 74 வருஷம் இருந்தார். திருவல்லிக்கேணியில் தையல் மெஷின் மிதித்துத்தான் ஜீவனம். 1994-ல் காலமானார்.