வெள்ளாயணி: காயலும் வில்வண்டிப் பாதையும்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் ரயிலில் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் தாண்டியதும் நேமம் வரும். 2024-இல் அந்த நிலையத்துக்குத் 'திருவனந்தபுரம் தெற்கு' என்று பெயர் மாற்றினார்கள்; ஊர்க்காரர்களுக்கு அது இன்னும் நேமம்தான். தலைநகருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இங்கே இறங்குவதில்லை. ஆனால் நிலையத்திலிருந்து ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரத்தில் வெள்ளாயணிக் காயல் வந்துவிடும். திருவனந்தபுரம் மாவட்டத்தின் மிகப் பெரிய நன்னீர் ஏரி இதுதான்.

கேரளத்தில் காயல் என்றால் பெரும்பாலும் கடலோடு தொடர்புள்ள உப்பங்கழிதான். வெள்ளாயணி அப்படியில்லை. கடல் பக்கத்திலேயே இருந்தாலும் உப்பு இதை எட்டுவதில்லை. கொல்லம் மாவட்டத்துச் சாஸ்தாம்கோட்டை, வயநாட்டுப் பூக்கோடு, இந்த வெள்ளாயணி ஆகிய மூன்றுமே கேரளத்தின் நன்னீர் ஏரிகள் என்று பெயர் பெற்றவை. சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிநீரும் இதிலிருந்துதான் போகிறது. படகில் ஏறுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தின்பண்ட உறையைத் தண்ணீரில் வீசினால் அது யாரோ ஒரு வீட்டுக் குடத்தில் விழுகிறது.

காயலைப் பார்க்க நல்ல இடம் காக்காமூலைப் பக்கம் தண்ணீரைக் குறுக்காக வெட்டிப் போகும் கரைச்சாலை. இரண்டு பக்கமும் தண்ணீர், இடையிடையே தாமரை, ஓரங்களில் சிறு தோணிகளில் வலை போடுகிறவர்கள். பூப்பறிக்கிறவர்கள் விடியற்காலையிலேயே இறங்கிவிடுவார்கள். திருவனந்தபுரத்துக் கோவில்களுக்குப் போகும் தாமரையில் இந்தக் காயலுக்கும் பங்கு உண்டு. அதே தண்ணீரில் ஆகாயத்தாமரையும் படர்ந்து கிடக்கிறது. அவ்வப்போது தன்னார்வலர்கள் திரண்டு அதை வாரிக் கரையேற்றுகிறார்கள். மழை வந்ததும் மறுபடி படர்கிறது.

கரையில் பழைய அரண்மனை ஒன்று உண்டு. திருவிதாங்கூர் மன்னர்கள் காயல் காற்று வாங்கத் தங்கிய இடம். 1955-இல் அங்கே வேளாண்மைக் கல்லூரி தொடங்கியது. அரசர் ஓய்வெடுத்த வளாகத்தில் இன்று நெல்லும் தென்னையும் மரச்சீனியும் படிக்கிறார்கள் மாணவர்கள். இதைவிட நல்ல உபயோகம் ஓர் அரண்மனைக்கு அமையாது.

கல்லூரி வந்த அதே காலத்தில்தான் காயலுக்குக் கேடும் தொடங்கியது. நாடு முழுவதும் அரிசிப் பற்றாக்குறை. உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்று, ஐம்பதுகளில் பம்பு வைத்துக் காயல் நீரை இறைத்து வெளியேற்றி, நீர் வடிந்த தரையில் நெல் பயிரிட்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் வரை இது தொடர்ந்தது. அன்றைய பசியை நினைத்தால் அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நெல்லுக்காக வற்றிய இடம் நெல்லோடு நிற்கவில்லை. வாழை வந்தது, மண் நிரப்பினார்கள், பிறகு வீடு வந்தது. 1926-இல் 750 ஹெக்டேர் இருந்த காயல் 2005-இல் 397.5 ஹெக்டேராகச் சுருங்கியது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பாதித் தண்ணீர் நிலமாகிவிட்டது.

எஞ்சிய வயல்வெளியின் பெயர் புஞ்சக்கரி. பறவை பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த இடம். தாமரை இலை மேல் நடக்கும் இலைக்கோழி, நீலத் தாழைக்கோழி, சீழ்க்கைச் சிறகி, நாரைகள், கொக்குகள் எல்லாம் கண்ணுக்கெட்டும் தூரத்திலேயே மேயும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வலசைப் பறவைகளும் சேர்ந்துகொள்ளும். காலை ஏழு மணிக்குள் போய்விடுவது நல்லது. இந்தப் பக்கத்து வாய்க்கால் ஒன்றின் மேலிருக்கும் சிறு பாலத்தில்தான் 1989-இல் வந்த 'கிரீடம்' படத்தின் காட்சிகளை எடுத்தார்கள். லோகிததாஸ் எழுத, சிபி மலையில் இயக்க, மோகன்லால் நடித்த அந்தப் படத்தை 2007-இல் அஜித் நடிப்பில் தமிழிலும் பார்த்தோம். பாலத்துக்குக் 'கிரீடம் பாலம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. இதைச் சுற்றுலா இடமாக்கப் போவதாக 2024-இல் கேரள அரசு அறிவித்தது. பாலம் சின்னது, படம் பெரியது. அங்கே அரை மணி நேரம் போதும்.

ஆனால் காயல், பறவை, சினிமா என்ற அளவில் திரும்பிவிட்டால் வெள்ளாயணியைப் பார்த்ததாகாது. இந்தப் பக்கத்து வயற்சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்களுக்கு ஒரு காலத்தில் மேலே இருக்கும் சாலையில் நடக்க உரிமை இல்லை. அந்த உரிமையை வென்ற மனிதர் பக்கத்து ஊர்க்காரர்.

காயலுக்குத் தெற்கே வெங்ஙானூர். அங்கே புலையர் குடும்பமொன்றில் 1863 ஆகஸ்ட் 28-ஆம் நாள் அய்யன்காளி பிறந்தார். 1893-இல் ஒரு வில்வண்டி வாங்கினார். இரண்டு காளைகளைப் பூட்டி, தலைப்பாகை கட்டி, மேல்துண்டு அணிந்து பொதுச்சாலையில் ஓட்டிப் போனார். வண்டி, தலைப்பாகை, சாலை மூன்றுமே அவர் சாதிக்கு மறுக்கப்பட்டவை. வழிமறித்தவர்களுக்கு அவர் பணியவில்லை. அடுத்து அவர் கேட்டது பள்ளிக்கூடம். பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தபோது, இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், வயலில் இறங்குவதில்லை என்று உழைப்பாளிகளை நிறுத்தினார். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் புல்தான் முளைக்கும் என்பது அந்தப் போராட்டத்தின் சாரம். கூலிக்காக மட்டும் நடந்த வேலைநிறுத்தம் அல்ல, படிப்புக்காக நடந்தது. இந்திய உழவர் போராட்டங்களின் வரலாற்றில் இதற்கு இணையாக எனக்கு வேறொன்று தோன்றவில்லை.

கூலி இல்லாமல் எத்தனை நாள் தாங்க முடியும்? அய்யன்காளி விழிஞ்ஞம் மீனவர்களிடம் பேசினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. படகுக்கு ஒருவராகத் தம் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, பிடிபடும் மீனில் பங்கு கொடுக்க அவர்கள் சம்மதித்தார்கள். வயலில் வேலை நின்ற குடும்பங்களில் கடல் அடுப்பெரியச் செய்தது. 1911-இல் அய்யன்காளி திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினரானார். 1937-இல் காந்தி வெங்ஙானூருக்கே வந்து அவரைச் சந்தித்தார். 1941-இல் மறைந்த அவரது நினைவிடமும் பள்ளியும் இன்றும் அங்கே இருக்கின்றன. ஓண நாட்களில் வெள்ளாயணிக் காயலில் நடக்கும் வள்ளப் போட்டிக்கும் அவர் பெயர்தான்.

மூன்றாண்டுக்கு ஒருமுறை இன்னொரு திருவிழாவும் உண்டு. வெள்ளாயணி தேவி கோவிலின் காளியூட்டு. பத்ரகாளியின் பொன் திருமுடியை ஊர் ஊராக எழுந்தருளச் செய்து, கடைசியில் தேவிக்கும் அசுரன் தாரிகனுக்கும் நடக்கும் போரை நிலத்தில் ஆடிக் காட்டுவார்கள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, வாரக்கணக்கில் நடப்பது.

வெங்ஙானூரிலிருந்து விழிஞ்ஞம் கூப்பிடு தூரம். 2025 மே 2-ஆம் நாள் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த புதிய துறைமுகத்தின் கிரேன்கள் தொலைவிலிருந்தே தெரியும். ஆய் அரசர்களுக்கு முக்கியமான துறை இது. பாண்டியர்கள் இதற்காகப் போரிட்டதைச் செப்பேடுகள் பேசுகின்றன. பழைய துறைக்கு அருகே பாறையில் குடைந்த சிறு கோவில் ஒன்று உண்டு. எட்டாம் நூற்றாண்டுப் பணி என்பார்கள். வெளிச்சுவரில் ஒரு பக்கம் திரிபுராந்தகர், மறுபக்கம் பார்வதியோடு ஆடும் சிவன். இரண்டும் செதுக்கி முடிக்கப்படாதவை. கோவளம் அதற்கு அடுத்ததுதான். எல்லோரும் அறிந்த கடற்கரை, நான் சொல்ல எதுவுமில்லை.

திரும்பும் வழியைப் பாலராமபுரம் வழியாக வைத்துக்கொள்ளலாம். பாலராம வர்மா மகாராஜா காலத்தில் தமிழகத்திலிருந்து சாலியர் நெசவாளர்களை வரவழைத்துக் குடியேற்றிய ஊர். ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத் தெரு என்று நெசவுத் தெருக்கள். குழித்தறியில் நெய்த கசவு முண்டை நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலேயே வாங்குவது நல்லது. இதே ஊரின் சாலியத் தெருவில்தான் 1898-இல் பொதுச்சாலையில் நடக்கும் உரிமைக்காக அய்யன்காளி மேற்கொண்ட நடைப்பயணத்தை வழிமறித்தார்கள்; பெருங்கலவரம் மூண்டது.

அங்கிருந்து காட்டாக்கடை சாலையில் ஊரூட்டம்பலம். பஞ்சமி என்ற சிறுமியின் கையைப் பிடித்து அய்யன்காளி அழைத்துப் போன பள்ளிக்கூடம் இது. அவளைச் சேர்ப்பதை எதிர்த்தவர்கள் அவள் உட்கார்ந்த பெஞ்சோடு சேர்த்துப் பள்ளியையே கொளுத்தினார்கள். கருகிய பெஞ்சை இன்றும் அங்கே காத்து வைத்திருக்கிறார்கள். 2022-இல் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சூட்டினார்கள். இப்போதும் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளி அது. வகுப்புக்கு இடையூறில்லாத நேரம் பார்த்துப் போய், தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு உள்ளே நுழையுங்கள்.