வீட்டுக்குள் ஒரு கலங்கல்

தாம்பரத்துக்குத் தெற்கே வீடு கட்டிய எவருக்கும் 'சம்ப்' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. குழாயிலோ லாரியிலோ வரும் நீரைத் தேக்க, வாசலருகே மண்ணுக்குள் கட்டும் தொட்டிக்கு அதுவே பெயர். 'தரைத்தொட்டி' என்று நான் வகுப்பில் சொன்னால் மாணவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். வெளியே போனதும் சம்ப் என்றே சொல்வார்கள். மீன் வளர்ப்போர் அதே சொல்லை வேறொன்றுக்கும் வைத்திருக்கிறார்கள். கண்ணாடித் தொட்டிக்குக் கீழே, மேசையின் கதவுக்குப் பின்னால் மறைந்திருக்கும் இன்னொரு தொட்டி அது. மேலே நிறைந்து வழியும் நீர் அதில் இறங்கும். வடிகட்டப்பட்டபின் மோட்டாரின் உதவியால் மறுபடியும் மேலேறும். கடையில் விலைக்குக் கிடைக்கும். நான் சிங்கப்பெருமாள் கோவிலில் என் வீட்டு மேசைக்குள் நானே கட்டினேன்.

காரணம் வர்தா புயல். 2016 டிசம்பர் 12ஆம் தேதி அது கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் மரங்களோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. மின்சாரம் திரும்ப நான்கு நாட்கள் ஆயின. அப்போது எங்களிடம் இருந்தவை கொளத்தூரில் வாங்கிய ஏழு பொன்மீன்கள், ஒரு சிறு தொட்டி, காற்று மோட்டாரால் இயங்கும் பஞ்சு வடிகட்டி. மோட்டார் நின்றதும் நானும் மனைவியும் முறைவைத்துச் சொம்பால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். நான்காம் நாள் எஞ்சியவை மூன்று. ஆறு வயது மகள் அழவில்லை. இறந்தவற்றைச் செம்பருத்திச் செடியின் அடியில் புதைத்துவிட்டு வந்து, "ஏம்ப்பா, தண்ணி தெளிவாத்தானே இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

தெளிவு வேறு, தூய்மை வேறு என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்கு நிறமில்லை. நீரின் காரநிலை 7இலிருந்து 8க்கு உயர்ந்தால் அதன் கொடிய வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் எட்டு. அந்த நஞ்சை முறிப்பவை, தொட்டியின் பரப்புகளில் வழவழப்பான படலமாகப் படிந்து வாழும் பாக்டீரியாக்கள். ஒருவகை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அதை மீன் ஓரளவு தாங்கும். இவற்றை 1890இல் ருஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்டினார். நூறாண்டுக்கு மேலாக இருவர் செய்யும் வேலை என்றே நம்பப்பட்டது. இரு படிகளையும் தனியாளாக முடிக்கும் நுண்ணுயிர்கள் உண்டென்பது 2015இல்தான் தெரியவந்தது. அவற்றில் ஒன்று கிடைத்த இடம், மீன் பண்ணையில் நீரைச் சுழற்றித் தூய்மையாக்கும் ஒரு வடிகட்டி. இவற்றுக்கு மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். காற்று நின்ற அந்த நான்கு நாட்களில் மீனோடு சேர்ந்து அவையும் திணறியிருக்கின்றன.

ஆகவே நீர் அதிகம் வேண்டும். இந்தப் படலம் படிய இடமும் அதிகம் வேண்டும். மேலே நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் புதுத் தொட்டி. ஏறத்தாழ 250 லிட்டர். கீழே மூன்றடி நீளமும் ஓரடி அகலமும் கொண்ட சம்ப். காணொளிகளைப் பார்த்தபோது ஆங்கிலக் கலைச்சொற்கள் தலைக்குள் ஏறவில்லை. பிறகு ஒருநாள் ரயிலில் செங்கல்பட்டுக்குப் போகையில் கொளவாய் ஏரியைப் பார்த்தபடி இருந்தபோது, இதில் புதிதாக ஒன்றுமில்லையே என்று தோன்றியது. ஏரி நிறைந்தால் உபரிநீர் கலங்கல் வழியே இறங்கி அடுத்த ஏரிக்குப் போகும். அந்தக் கலங்கல்தான் தொட்டியின் மூலையில் நான் ஒட்டிய சீப்புப் பல் வைத்த கண்ணாடித் தடுப்பு. நீர் பற்களின் இடையே வழியும், மீன் வழியாது. இலக்கியத் தமிழ் அதைக் கலிங்கு என்னும். நாற்பது வயதில் படித்த படிப்பு வீட்டுக்குப் பயன்பட்ட அரிய தருணம் என்று மனைவி சொன்னதை இங்கே பதிவு செய்கிறேன்.

கண்ணாடி வெட்டிக் கொடுத்த கடைக்காரர் சிலிக்கான் பசையை இழுக்கக் கற்றுத்தந்தார். நடுவில் கை எடுக்காமல் ஒரே வீச்சில் இழுக்க வேண்டும், பிறகு ஒரு வாரம் தொடக்கூடாது. போகும்போது, "சார், கீழ் தொட்டிய முழுசா ரொப்பிடாதீங்க. மேலேர்ந்து வர்றதுக்கு எடம் வேணும்" என்றார்.

இதுதான் இந்தக் கட்டுமானத்தின் உயிர்நிலை. மின்சாரம் போனால் மோட்டார் நிற்கும். ஆனால் கலங்கல் விளிம்புக்கு மேலிருக்கும் நீர் இறங்கிக்கொண்டே இருக்கும். மோட்டார்க் குழாயின் வாய் நீருக்குள் மூழ்கியிருந்தால் அதன் வழியாகவும் நீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு வரும். அதைத் தடுக்க, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளை போட வேண்டும். மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். மேல்தொட்டியில் ஓரங்குலம் இறங்கினால் பதினான்கு லிட்டர். சம்பின் பரப்பு பாதி என்பதால் அங்கே அது இரண்டங்குலம் ஏறும். குழாய்களில் நிற்கும் நீர் தனி. நான் ஆறங்குலம் காலியாக விட்டேன். பார்ப்பவர்கள் எல்லாம் வீணாக இருக்கிறதே என்கிறார்கள்.

அப்படி வீணாக இருப்பதாகக் கருதப்பட்ட இடங்களில்தான் நம் பகுதியின் மனைப்பிரிவுகள் பல எழுந்தன. 2015 டிசம்பரில் மேலுள்ள ஏரிகளின் உபரிநீர் அடையாற்றில் சேர்ந்து இறங்கியபோது முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகில் ஆட்களை மீட்டார்கள். என் சக ஆசிரியர் ஒருவரின் புத்தகங்கள் அனைத்தும் அன்று கூழாயின. நீரைக் குறை சொல்லி என்ன பயன்? அது கலங்கல் காட்டிய திசையில்தான் வந்தது.

சம்பின் மூன்று அறைகளில் முதலாவதில் பஞ்சு. கண்ணுக்குத் தெரியும் அழுக்கை அது பிடிக்கும். வாரந்தோறும் அலச வேண்டும். இரண்டாவதில் லாவா கல்லும், பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நாரும் மூட்டை மூட்டையாக, பாக்டீரியாக் குடியிருப்பு. இதைக் குழாய் நீரில் கழுவவே கூடாது, குளோரின் அத்தனையையும் கொன்றுவிடும். தொட்டி நீரிலேயே இலேசாக முக்கி எடுத்தால் போதும். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சொல்லும் ஏரி வாரியம் போல எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. உறுப்பினர் இருவர், தலைவர் மகள். மூன்றாவதில் மோட்டார்.

2017 கோடையில் நீர் விட்டோம். மீன் விடவில்லை. தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டு அழுகவிட்டு, சோதனைத் திரவத்தில் நிறம் பார்த்தோம். முதலில் அமோனியா ஏறியது. அது இறங்க, நைட்ரைட் ஏறியது. ஆறாம் வாரம் இரண்டும் பூஜ்யம். அந்த மூன்று மீன்களும் அன்று புதுவீடு புகுந்தன.

சம்ப் கட்டினால் மின்வெட்டை வென்றுவிடலாம் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். நீர் ஓடாவிட்டால் சில மணி நேரத்தில் இரண்டாம் அறையும் மூச்சுத் திணறும். முப்பது வாட் மோட்டாரை இன்வெர்ட்டரில் கோத்தபிறகுதான் எனக்கு நிம்மதி. மின்விசிறி தின்பதில் பாதிகூட அது தின்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்த நாட்களில் ஒரு விசிறியை அணைத்துவிட்டு, கொசுவர்த்திப் புகையில் அமர்ந்து, கலங்கலில் நீர் இறங்கும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தோம். முதலில் அந்த ஓசை உறக்கத்தைக் கெடுத்தது உண்மை. இறங்குகுழாயின் தலையில் ஒரு வளைவும் அதில் சிறு காற்றுத்துளையும் வைத்தபின் பாதி அடங்கியது.

வர்தாவில் பிழைத்த மூன்றில் ஒன்று இன்னும் இருக்கிறது. நிறம் வெளுத்துவிட்டது. மேல்தொட்டியின் மட்டம் வெயில் காலத்திலும் குறைவதில்லை. ஆவியாகும் நீரின் குறை முழுவதும் மூன்றாம் அறையில்தான் தெரியும். மே மாதத்தில் இரண்டு நாளுக்கு ஒரு குடம். ஊற்றுவது தலைவரின் பொறுப்பு.