கச்சேரி நோட்டில் ஒரு புதுப் பெயர்

கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இரண்டு சந்தோஷங்கள் உண்டு. கேட்கும்போது ஒன்று. கேட்டதைப் பல வருஷம் கழித்து இன்னொருவரிடம் சொல்லும்போது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிது என்று எங்கள் அபார்ட்மென்ட் வேப்பமரத்தடி பெஞ்சைப் பார்த்தால் உங்களுக்கும் தோன்றும்.

தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அங்கே ஒரு சபை கூடும். என் அப்பாவுக்கு 79 வயது. தபால் ஆபீஸ் மாமாவுக்கு 82. மூன்றாவது மாடி மாமி, ரயில்வேயில் ஓய்வு பெற்ற திருநெல்வேலி சார் என்று மொத்தம் நான்கு பேர். ஒருவர் ஒரு ராகத்தைச் சொல்வார். அடுத்தவர் அதை யார், எந்த ஊரில் பாடிக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். மூன்றாமவர் அன்றைக்குப் பக்கவாத்தியம் யார் என்று சொல்ல வேண்டும். மிருதங்கத்தில் பாலக்காடு மணி ஐயர் பெரியவரா, பழனி சுப்பிரமணிய பிள்ளை பெரியவரா என்ற வழக்கு எனக்குத் தெரிந்தே பத்து வருஷமாக நடக்கிறது. தீர்ப்பு இன்னும் வரவில்லை.

பழைய நினைவுகளில் இத்தனை பிடிவாதம் காட்டினாலும், ரசனை அவர்களுக்கும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. கர்நாடக சங்கீதத்தில் ஆரம்பித்த தபால் ஆபீஸ் மாமா, வட இந்தியாவில் வேலை பார்த்தபோது ஹிந்துஸ்தானிக்குப் போய், அங்கிருந்து கஜலுக்குள் இறங்கிவிட்டார். சினிமாப் பாட்டு வந்தாலே ரேடியோவை அணைத்த மாமி, இப்போது பேத்தியோடு உட்கார்ந்து கொரியாவின் பி.டி.எஸ். பையன்கள் ஏழு பேரின் பெயரையும் மனப்பாடமாகச் சொல்கிறார். டி.எம்.எஸ்.ஸைத் தாண்டி வரமாட்டேன் என்ற திருநெல்வேலி சாரின் போனில் காலர் டியூன் ரஹ்மான் பாட்டு.

மாறாமல் இருந்தவர் அப்பா ஒருவர்தான். அவருக்கு நாகஸ்வரம், தவில். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

எங்கள் ஊர் பாபநாசம் பக்கம். கோயில் திருவிழாவில் ராத்திரி முழுக்க சுவாமி புறப்பாடு நடக்கும்; நாகஸ்வர கோஷ்டிக்குப் பின்னாலேயே விடிய விடிய நடந்து வளர்ந்தவர் அவர். 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' வந்தபோது அவருக்குப் பதினாறு வயது. காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் எஸ்.ஜானகியின் குரலும் சேர்ந்து வரும் அந்த ஒரு பாட்டுக்காக டூரிங் டாக்கீஸில் மூன்று தரம் பார்த்தாராம். தை மாதம் திருவையாறு ஆராதனைக்கு சைக்கிளில் போய்விடுவார். காவிரிக்கரையில் எல்லா வித்வான்களும் உட்கார்ந்து பஞ்சரத்ன கிருதிகளைச் சேர்ந்து பாடுவதைக் கேட்டுவிட்டு வந்தால், ஒரு வாரம் வீட்டில் வேறு பேச்சு இருக்காது.

கூட்டுறவு சொசைட்டியில் கணக்கு எழுதியவர். அதனால் கச்சேரிக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். 1963-ல் ஆரம்பித்த நீளமான நோட்டு. தேதி, ஊர், நாகஸ்வரம், தவில், முக்கியமாக வாசித்த ராகம் என்று ஐந்து கட்டங்கள். இப்போது நடப்பது மூன்றாவது நோட்டு.

நான் கேசட் காலத்துப் பெண். கடையில் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொடுத்து, அறுபது நிமிஷக் கேசட்டில் இளையராஜாவைப் பதிவு செய்து வாங்கி, டேப் தேயும்வரை கேட்டவள். அப்பாவுக்கு அது 'சினிமாப் பாட்டு', அவ்வளவுதான். 1986-ல் 'ஹவ் டு நேம் இட்' வந்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் இளையராஜா சமர்ப்பித்த வாத்திய இசை. இதையாவது கேளுங்கள் என்று போட்டுக்காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "வயலின் பிரமாதம்மா. கூடவே ஏன் இத்தனை பேர் வாசிக்கிறாங்க?" என்றார். பிறகு அவரை மாற்ற நான் முயற்சி செய்யவில்லை.

அவரை மாற்றியது வயது. அது காது வழியாக வந்தது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா, "காசு எங்கே வெச்சீங்க?" என்று கேட்டார். அப்பா தன் காதைத் தொட்டுக்காட்டி, "இங்கதானே இருக்கு!" என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு டி.வி. சத்தம் கூடியது. காலிங் பெல் அவருக்குக் கேட்காமல் போனது. "எல்லாரும் ஏன் முணுமுணுன்னு பேசறீங்க?" என்று கோபம் வந்தது.

காதைப் பரிசோதித்த பெண் பொறுமையாக விளக்கினார். நம் உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒலியை உணரும் மயிர் செல்கள் வரிசையாக இருக்கும். வாசல் பக்கம் இருப்பவை கீச்சென்ற உச்ச ஒலிகளை வாங்கும். உள்ளே போகப் போக, தடித்த, கீழான ஒலிகளுக்கான செல்கள். வயதாகும்போது பெரும்பாலும் முதலில் தேய்வது வாசல் பக்கம்தான். பேச்சில் 'ச', 'ஸ' போன்ற எழுத்துகள் முதலில் நழுவுவது அதனால்தான். அப்பாவின் காதில் 'காசு' 'காது' ஆன ரகசியம் அதுதான்.

மிஷின் வாங்கினோம். பாலக்காடு மணி ஐயர் மைக்கே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தவர் என்பது சங்கீத உலகம் அறிந்த விஷயம். அதைச் சொல்லி, "எனக்குப் பாரு, மைக்கைக் காதுக்குள்ளேயே வெச்சுட்டாங்க" என்று பெஞ்சில் சிரிக்க வைத்தார்.

ஆனால், அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. காது மிஷின் முதன்மையாகப் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. ஒரு சுரம் அசையாமல் நீண்டு நின்றால், மிஷின் அதைத் தன்னுடைய 'கீ' சத்தம் என்று நினைத்து அடக்கப் பார்க்கும். அதனால் புல்லாங்குழல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல நடுங்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. இப்படிப்பட்ட காதுக்கு மெல்லிய ஒலி கேட்காது. சத்தம் கொஞ்சம் கூடினால் சட்டென்று குத்தும்.

ஓர் உறவினர் கல்யாணத்தில் அதை என் கண்ணால் பார்த்தேன். நாகஸ்வரம் ஆரம்பித்ததும், வழக்கம்போல முன் வரிசையில் போய் உட்கார்ந்தார். இரண்டே நிமிஷம். முகம் சுருங்கியது. மெதுவாக மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாசிப்பவர்களின் விரல்களையே பார்த்துக்கொண்டு கெட்டிமேளம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு நோட்டில் எதுவும் எழுதவில்லை. பெஞ்சுக்கும் ஆறு மணி, ஆறரை மணி என்று தாமதமாகப் போக ஆரம்பித்தார். மற்றவர்கள் பேசுவது பாதிதான் புரிகிறது, எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது அலுப்பாக இருக்கிறது என்றார். அடுத்த வருஷம் அம்மாவும் போன பிறகு, அவர் பேச்சே குறைந்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் என் பையன் பறை கற்றுக்கொள்ளக் கிளம்பினான். அவனுக்கு வயது 23. ஐ.டி. வேலை. 2018-ல் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது அவன் பள்ளிக்கூடத்துப் பையன். கானாவும் ராப்பும் ராக்கும் பறையும் ஒரே மேடையில் ஒலித்ததை மொபைலில் பார்த்து வளர்ந்தவன். 2020-ல் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' விழாவை நேரில் பார்த்துவிட்டு வந்த பிறகு, சனி ஞாயிறு வகுப்பில் சேர்ந்துவிட்டான்.

பறையை வாசிப்பதற்கு முன் தீயில் காய்ச்ச வேண்டும். சூட்டில் தோல் இறுகினால்தான் நாதம் எழும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் பேப்பரைக் கொளுத்திக் காய்ச்சி, வாசிக்க ஆரம்பித்தான். பத்தாவது நிமிஷம் அசோசியேஷன்காரர் ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பெரியவர் நல்லா இருக்காரில்ல? மேல சத்தம் கேட்டது... அதான்..." என்றார்.

பெரியவர் அப்போது வீட்டில் இல்லை. மாடிக்கு ஓடினேன். அப்பா தண்ணீர்த் தொட்டியில் கையை ஊன்றிக்கொண்டு பேரனுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். மிஷின் சட்டைப் பையில். வலது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"மூணு மூணாப் பிரிச்சு வாசிக்கிறான் பாரு. திஸ்ரம். ஒரு அடிகூட விடாம கேக்குது எனக்கு" என்றார். பேரனைப் பார்த்து, "நிறுத்தாதடா தம்பி!" என்றார்.

அவர் காதில் தேயாமல் இருந்த பகுதியை, நெஞ்சுக்கூடு அதிரும் அந்தத் தடித்த நாதம் நேராகப் போய்த் தொட்டிருக்கிறது. கீழே வந்ததும் பையன் அவர் தலையில் பெரிய ஹெட்போனை மாட்டி, என் பழைய இளையராஜா பாட்டுகளைப் போட்டான். அவற்றில் பேஸ் கிட்டார் தனிப்பாதையில் நடக்கும் என்பது ரசிகர்களுக்குத் தெரியும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "அடியில ஒருத்தன் தனியா ஒரு பாட்டுப் பாடிட்டுப் போறானே, இவனை இத்தனை நாளா நான் கவனிக்கலையே" என்றார். 1986-ல் கிடைக்காத வெற்றி எனக்கு அன்றைக்குக் கிடைத்தது.

அன்று ராத்திரி அப்பா பழைய நோட்டுகளைக் கேட்டார். எடுத்துக்கொடுத்தேன். வெகுநேரம் புரட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இதுல எத்தனை தவில்காரர் பேர் இருக்கு தெரியுமா? அறுபதுக்கு மேல. எந்த ஊரு, யாருக்கு வாசிச்சாங்க, எல்லாம் எழுதியிருக்கேன். நம்ம ஊர் மாரியம்மன் திருவிழாவுல காப்பு கட்டற அன்னிக்குப் பறை வாசிக்க ஒருத்தர் வருவார். நல்ல உசரம். தெருமுனையிலேயே நின்னு வாசிப்பார். தெருவுக்குள்ள வர்றது சாவுக்கு மட்டும்தான். இன்னிக்கு இவன் வாசிச்சதும் அந்த அடிதான் ஞாபகம் வந்துது. இருபது வருஷம் அந்தக் கையைக் கேட்டிருக்கேன். பேரு தெரியலைம்மா. எழுதலை. கேட்கவும் இல்லை."

நான் பதில் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் பெஞ்சில் இதைச் சொல்லியிருக்கிறார். தபால் ஆபீஸ் மாமா பேச்சை வேறு பக்கம் திருப்பப் பார்த்தாராம். திருநெல்வேலி சார் மட்டும், "எங்க ஊர் கொடையிலயும் ஒருத்தர் உண்டு. எனக்கும் பேரு தெரியாது" என்றாராம். அன்றைக்கு ராக விளையாட்டு நடக்கவில்லை.

அப்பா அதோடு விடவில்லை. ஊரில் இருக்கும் பழைய சிநேகிதருக்கு என்னைப் போன் போடச் சொன்னார். அவர் இன்னொருவர் நம்பர் கொடுத்தார். மூன்றாவது நாள், அந்தப் பறைக் கலைஞரின் பேத்தியோடு பேசினோம். திருச்சியில் நர்ஸாக இருக்கிறார். அவர் சொன்னதை நான் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவுக்குத் திரும்பச் சொன்னேன். தாத்தாவின் பெயர், இறந்த வருஷம், இன்னும் ஒரு பறை வீட்டில் இருக்கிறது என்பது வரை. கடைசியில் அந்தப் பெண், "இத்தனை வருஷம் கழிச்சு எதுக்குங்க கேக்கறீங்க?" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை, சந்தேகம் இருந்தது. அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "கேட்டேம்மா, நல்லா இருந்துது. அதைச் சொல்லணும்னு" என்றார். அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரிங்க ஐயா, அப்பாகிட்ட சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

மூன்றாவது நோட்டில் இப்போது ஆறாவதாக ஒரு கட்டம் கோடு போட்டிருக்கிறார்: 'பறை'. அந்தப் பெயர் அங்கே இருக்கிறது. தேதிக்கு நேரே '1955 முதல் 1975 வரை, உத்தேசமாக' என்று எழுதியிருக்கிறார்.

வீட்டில் பெரியவர்களுக்குக் காது மிஷின் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'இவர் சங்கீதம் கேட்பவர்' என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பல மிஷின்களில் பாட்டுக்கென்று தனி அமைப்பு வைத்துக்கொடுக்க முடியும். அப்பாவுக்கு அப்படி மாற்றிய பிறகு வயலின் ஓரளவு திரும்பி வந்திருக்கிறது. நாகஸ்வரம் இன்னும் குத்துகிறது. தூரத்தில் உட்கார்ந்தால் பரவாயில்லை என்கிறார்.

வரும் டிசம்பருக்கு இரண்டு திட்டம் இருக்கிறது. ஒரு நாள் சபாவில், மிருதங்கம் இருக்கும் பக்கமாக இடம் பார்த்து ஒரு கச்சேரி. இன்னொரு நாள் பேரனோடு மக்களிசை. அங்கே நெரிசலாக இருக்குமே, நிற்க முடியுமா என்று கேட்டேன்.

"சுவாமி புறப்பாட்டுக்கு ராத்திரி முழுக்க நின்னவன்டி நான்" என்றார்.